வணக்கத்துக்கு ஆகும் நேரம்

சசுவோலோவில் அக்டோபர் என்றால் பனிமூட்டம்.
சூளைப் புகை எது, மூட்டம் எது என்று
பிரித்துச் சொல்ல முடியாத மாலை.
முற்றத்தில் ஏழு லாரிகள்,
வயிறு நிறையத் தரை ஓடுகள்,
முகவரிச் சீட்டு மட்டும் இல்லை.

சீட்டு என்னிடமிருந்துதான் போக வேண்டும்.
கணக்குப் பிரிவுக்குப் பின்னால்
குளிரூட்டிய சிற்றறை,
கறுப்புத் திரை, பச்சை எழுத்து.
இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூட
விழுந்து படுக்காத இயந்திரம்.
அதற்கு வலைமொழி பழக்கியவள் நான்.
லைப்சிக்கில் இருக்கும் கூரியர் கம்பெனியிடம்
பெட்டிக்கு ஒரு எண் கேட்டு வாங்கும்.
இரண்டாயிரத்து நூற்று நாற்பது பெட்டி.
பெட்டிக்கு ஆறு விநாடி.
பெருக்கிப் பாருங்கள்;
கிடங்கு எர்மேஸ் தினமும்
பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் என்னைத் திட்டுகிறான்.

"புதுசு வாங்கு" என்றான் முதலாளியின் மகன்.
"கம்பியை மாற்று" என்றது தொலைபேசி நிறுவனம்.
நான் ஓர் இரவு உட்கார்ந்து
போனதையும் வந்ததையும் வரிவரியாகப் படித்தேன்.

கேள்வி நாலு வரி.
பதில் ஒரு எண்.
அதற்கு முன்னால் நடப்பதோ
ஒரு சம்பந்தப் பேச்சு.

தூங்கும் ஜாவாவை எழுப்பி,
முகம் கழுவ வைத்து,
லைப்சிக் எந்தத் திசை என்று விசாரித்து,
கதவைத் தட்டி,
நான் இன்னார், நீ இன்னார்தானா,
சான்றிதழ் காட்டு, கையெழுத்துப் போட்டவர் யார்,
அவருக்குக் கையெழுத்துப் போட்டவர் யார்,
இனி எந்த ரகசியத்தில் பேசுவோம்,
எல்லாம் முடிந்து
ஒற்றை எண்ணை வாங்கிக்கொண்டு
கதவைச் சாத்தி, ஜாவாவைக் கொன்று,
அடுத்த பெட்டிக்கு
மறுபடி
நான் இன்னார்.

இரண்டாயிரத்து நூற்று நாற்பது முறை
முன்பின் தெரியாதவர்களாக.

எந்த மடையன் எழுதியது என்று தேடினேன்.
நிரலின் தலையில் என் பெயர்,
2011 மார்ச்.
அன்று நாளுக்கு முப்பது பெட்டி.

திருத்தம் பெரிதில்லை.
ஜாவாவை வழியனுப்பினேன்.
காலையில் ஒரே வேலையை எழுப்பி
இரவுவரை விழித்திருக்கச் சொன்னேன்.
திறந்த கதவு திறந்தபடி இருக்கட்டும்.
வணக்கம் ஒரு தரம்;
பிறகு கேள், வாங்கு, கேள், வாங்கு.

பதினோரு நிமிடம்.
அச்சுப்பொறி மூச்சுவிடாமல் துப்ப
எர்மேஸ் இரண்டு கையாலும் அள்ளினான்.
திட்டவில்லை. அதுவே புதிதாக இருந்தது.

ஸ்லோவேனியாக்காரர் பொகோமிர் மட்டும்
பாதிக் காபியோடு எழுந்தார்.
இத்தனை நாளும் அந்த மூன்றரை மணி நேரத்தில்
லாரி இருக்கையில் சாய்ந்து
மகளின் வீட்டுக் கணக்கை
வீடியோவில் திருத்திக்கொண்டிருந்தாராம்.
"இனி எங்கே நிறுத்தித் திருத்துவது?"
என்னிடமல்ல, கோப்பையிடம் கேட்டார்.

மறுநாள் ஐந்து நாற்பதுக்கு
எல்லாப் பெட்டிக்கும் ஒரே எண் வந்தது:
நானூற்று இருபத்தொன்பது.
'போதும், மூச்சுவிடு' என்று அர்த்தம்.

பின்னாலேயே தொலைபேசி.
லைப்சிக்கிலிருந்து வீப்கே என்றொருத்தி.
இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில்
பெயரை எழுத்துக்கூட்டிக்கொண்டோம்,
அங்கே மழையா, இங்கே மூட்டம்.
அதற்கே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது.
குறைக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

"பதினான்கு வருடம் நடந்து வந்த ஆள்
திடீரென்று ஓடி வந்தால்
எங்கள் காவல்காரன் என்ன நினைப்பான்?"
சிரித்தாள்.
விநாடிக்கு இரண்டு என்று பேசி முடித்தோம்.

இப்போது பதினெட்டு நிமிடம்.
நேற்று பதினொன்று, இன்று ஏன் கூடுதல் ஏழு
என்று எர்மேஸ் கேட்கிறான்.
லைப்சிக்கைக் கேள் என்கிறேன்.

முற்றத்தில் பொகோமிர்
லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு
பின்னம் மட்டும் திருத்துகிறார்.
வடிவியல் ஞாயிற்றுக்கிழமைக்கு.