எட்டு

கொட்டாஞ்சேனையில் மொறாயஸ் குழாயில் ஊதினார்.
கருவி எட்டு என்றது.

போன ஆய்வில் பத்துக்குக் கீழென்றால் நிறுத்தியவர்.
இந்த ஆய்வில் எல்லை ஆறு.
விட்ட மூச்சு ஒன்றுதான்;
சிகரட்டை விட்டாரா என்பதற்குத்தான்
தாளுக்கொரு பதில்.

"ஆமர் வீதிச் சந்தியில நாள் முழுக்க ஓட்டோ, பிள்ள.
பஸ் குடிக்கிறதையும்
என்ட கணக்கிலயா போடுவீங்க?"

முந்தி இருபது. இப்போது இரண்டு:
சோற்றுக்குப் பிறகு ஒன்று,
குவைத்திலிருந்து மகள் பேசி வைத்த பிறகு
மற்றது.
படிவத்தில் ஆம் உண்டு, இல்லை உண்டு.

"விட்டது என்டா என்னன்டு
நீங்க எல்லாரும் ஒருக்காக் கூடிப் பேசிட்டு வாங்க.
நான் இங்கதான் நிப்பன்."

ஓட்டோ கிளம்பியதும்
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: பதினெட்டு.
அழிக்கச் சொல்வார்கள்.