தண்ணிக் கழிவு

பேராதனையில் டாக்டர் சிங்களத்தில் சொன்னதை
மிஸ்ஸி தமிழில் எழுதித் தந்தாள்:
சமூக விரோத ஆளுமை.

பஸ் கண்ணாடி உடைத்தவனுக்குப்
பேப்பரில் போடுகிற சொல்.
பொகவந்தலாவைக்குத் திரும்பும் வழியெல்லாம்
டிக்கட்டோடு அதை மடித்து வைத்திருந்தேன்.
கண்ணாடியோரம்தான் இருந்தேன்.
ஒன்றும் உடையவில்லை.

மடுவத்தில் கொழுந்து நிறுக்கிறவள் நான்.
எனக்கு முன் நிறுத்தவர் அருள்நாதன்,
இளகின மனசுக்காரர்.
எந்தச் சாவீட்டிலும் தப்புச் சத்தத்துக்கு முன்னே
அவர் விசும்பல் கேட்கும்.
மழையோ வெயிலோ,
தண்ணிக்கென்று தலைக்கு மூன்று கிலோ கழிப்பார்.
பதினெட்டில் மூன்று போனால் அரைப்பேர்.
கழிக்கும்போதும் "பாவம் புள்ள" என்பார்.
உண்மையாகவே பாவம் பார்த்துத்தான். நம்புகிறேன்.

எனக்குப் பாவம் பார்க்க வராது.
முள் எங்கே நிற்கிறதோ
அதை எழுதுகிறேன்.

நல்லவள் என்று சொல்ல வரவில்லை.
போன ஐப்பசியில் தங்கபாக்கியம்
பீலியடியில் நாலு பேர் பார்க்க
கல்நெஞ்சுக்காரி என்றாள்.
அன்றைக்கு அவள் சாக்கில் நான்கு கிலோ குறைத்தேன்.
இரவு நன்றாகத் தூங்கினேன்.
விடிந்து, பெரட்டுக்கு முன்,
கணக்கைத் திருத்தி எழுதினேன்.
குத்தியது என்று சொல்ல ஆசைதான்.
எதுவும் குத்தவில்லை.
ஒரு தரம் கழிக்கப் பழகினால் நிறுத்த மாட்டேன் என்று
என்னை எனக்குத் தெரியும்,
அவ்வளவுதான்.

அம்மா செத்த அன்று
லயமே என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது.
தேத்தண்ணிக்குச் சீனி எடுப்பித்தேன்,
குழி வெட்டுகிறவர்களுக்கு டோர்ச் தேடிக் கொடுத்தேன்,
சின்னம்மாவைப் பார்த்து
வாயை எப்படிக் கோணுவதென்று
கொஞ்சம் பழகிப் பார்த்தேன்.
சரிவரவில்லை.

படத்தில் வருகிறவனுக்குக் கத்தி இருக்கும்,
பின்னால் வயலின் இருக்கும்.
எனக்கு மூட்டுவலி இருக்கிறது,
கோப்பரேட்டிவில் கடன் இருக்கிறது,
ரத்தினவேல் இருக்கிறான்.

அவனிடம் காகிதத்தைக் காட்டினேன்.
இரண்டு தரம் வாசித்தான்.
"என்னைய எப்பயாவது ஏமாத்தியிருக்கியா?"
"மூணு தரம்" என்றேன்.
மூன்றையும் சொன்னேன்.
இரண்டாவதற்கு அழுதான்.
ஏன் அழுகிறான் என்று எனக்குத் தெரியும்,
கூட்டல் தெரிவது மாதிரி,
உள்ளே ஒன்றும் அசையாமல்.

அடுப்பில் ரொட்டி கருகுகிற வாசம்.
எழுந்து திருப்பிப் போட்டேன்.
"கருகாதத எனக்கு வை" என்றான்
மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

வைத்தேன்.