ஆண்டுப் பொதுக்கூட்டம், பெர்த்

மெரடின் கோதுமைக்காட்டிலிருந்து
இருநூற்று அறுபது கிலோமீட்டர்
ஓட்டி வந்திருக்கிறார் கிளைவ் ட்ரெகோனிங்,
ஒரு கேள்வியோடு.

மேடையில்
பதினோராம் வருடமாக எலிகள் குணமாகின்றன.
மருந்துக்குக்கூட இன்னும் ஒரு மருந்து வரவில்லை.
எண்பது சென்ட்டுக்கு வாங்கிய பங்கு
மூன்று சென்ட்டில் இழுத்துக்கொண்டு கிடக்கிறது.
தலைவருக்கு ஊக்கத்தொகை உண்டு.
நமக்கு, விஞ்ஞானம் மெதுவானது என்ற விளக்கம்.

மைக் வந்ததும்
எழுதிவந்த தாளை மடித்துவிட்டார்.
"அந்த எலிகளுக்கு
யார் தீனி போடுவது?"

மேடை தண்ணீர் குடித்தது.
நிதி அதிகாரி கோப்பைப் புரட்டினார்.
கடைசி வரிசையில்
பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு
ஒரு பெண் எழுந்தாள்:
"வெள்ளிக்கிழமை வரை, நான்."

பதினோரு வருடத்தில்
அந்த நிறுவனத்திடமிருந்து கிடைத்த
முதல் தேதி.
வாக்குச்சீட்டின் பின்பக்கம்
கிளைவ் அதைக் குறித்துக்கொண்டார்.
முன்பக்கம் ஏற்கெனவே
பேனா அழுத்திக் கிழிந்திருந்தது.