கணக்கில் வராத அறை

அறுபத்தெட்டு சதுர மீட்டர் மண்.
அதில் பாதிக்குமேல் மூடக்கூடாது என்றார்கள்
நெரிமா வார்டு அலுவலகத்தில்.
மீதிப் பாதி வானத்துக்காம்.
வானம் வாடகை தருமா என்று கேட்டான் ஹிசாஷி.
கவுண்டரில் இருந்த பெண் சிரிக்கவில்லை.
காலையிலிருந்து எத்தனை பேர் கேட்டார்களோ.

எலி வளையானாலும் தனி வளை.
சரிதான்.
எலியிடம் யாரும் சதவீதம் கேட்பதில்லை.

எங்கள் வீட்டை வரைகிற இவாகிரி-சான்
முப்பத்துநான்கு சதுர மீட்டரை
வாடகைக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில்
நீல டேப்பால் ஒட்டிக் காட்டினாள்.
நால்வரும் உள்ளே போய் நின்றோம்.
இது அடுப்பு. இது படி.
இங்கே குளியல் தொட்டி என்றதும்
ஹிசாஷி தார் தரையில் படுத்துப் பார்த்தான்.
அவன் கால் இரண்டும் சமையலறையில் இருந்தன.

முதல் வரைபடத்தில் பியானோ இருந்தது.
மூன்றாவதில் பியானோ இருந்தது, சாப்பாட்டு மேசை இல்லை.
ஐந்தாவதில் மேசை சுவரிலிருந்து
பலகையாக இறங்கியது.
ஏழாவதில் என் தையல் இயந்திரம்
படிக்கட்டின் வயிற்றுக்குள் போய்விட்டது,
என்னைக் கேட்காமலே.
இரண்டு நாள் நான் யாரோடும் பேசவில்லை.
எட்டாவதில் பியானோ இல்லை.

கூரைக்கடியில் ஒரு பரண் வரைந்தாள்.
உயரம் ஒரு மீட்டர் நாற்பது.
அதற்கு ஒரு விரல் கூடினால் அறை,
வரைபடத்தில் ஏறும், கணக்கில் ஏறும், வீடே சட்டவிரோதம்.
கூடாவிட்டால் அது இடமே இல்லை.
இல்லாத இடத்துக்கு ஒரு ஏணி,
ஒரு விளக்கு, ஒரு ஸ்விட்ச்.
‘அங்கே நான் உட்கார்ந்தால்
நான் எங்கே இருப்பேன்?’ என்றாள் மினோரி.
எங்கேயும் இருக்கமாட்டாய் என்றாள் இவாகிரி-சான்.
அன்றே என் மகள் அதைத் தனக்கென்று சொல்லிவிட்டாள்.

தம்பிக்கு மாடியில் வடக்கு அறை.
அந்தப் பக்கம் ஐந்து மீட்டர் உயரத்தில்
கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு சாய்ந்து ஏறுகிறது.
கூரை அதைத் தாண்டித் தலை நீட்டக்கூடாது.
தோமோயாவின் அறை வெட்டிய கேக்.
வெட்டிய துண்டு யாருக்கு?
பின்வீட்டு குட்சுனாவின் துணிக்கொடிக்கு.
டாக்ஸி ஓட்டுகிறவர். தனியாள்.
எட்டு ஜோடி வெள்ளைக் கையுறைகளை வரிசையாகத் தொங்கவிடுவார்.
என் பையனின் அலமாரி நிற்கவேண்டிய இடத்தின் வழியாக
வெயில் நுழைந்துபோய்
ஒவ்வொரு விரலாகக் காயவைக்கும்.
சொல்லக் கூச்சம்தான்,
சில இரவுகளில் அந்தக் கையுறைகளை வெறுத்தேன்.

டிசம்பரில் மண்ணைப் பார்க்கப் போனோம்.
மதியம் இரண்டு மணி.
தெரு முழுக்கக் குளிர்,
எங்கள் மனையின் நடுவில் மட்டும் கோணலாக ஒரு வெளிச்சம்.
மினோரி அதில் நின்று கோட்டைக் கழற்றினாள்.
நான் திரும்பித் தெற்கே பார்த்தேன்.
பழைய பழுப்பு வீடு, யாருடையது என்றுகூடத் தெரியாது.
அதன் கூரை எங்கள் பக்கம் சரிவாக வெட்டுப்பட்டிருந்தது.
வெட்டுக்குக் கீழே ஒரு சின்ன ஜன்னல்,
உள்ளே யாரோ
குனிந்தபடியே பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள்.
நான் வணங்கியிருக்கலாம்.
அவர்கள் பார்க்கவில்லை.

விண்ணப்பம் பிப்ரவரியில் போனது,
வீடு அடுத்த இலையுதிர் காலத்தில்.
நேற்று குளியலறைக் கதவோரம் மினோரியை நிறுத்தி
பென்சிலால் அளந்தேன்.
ஏப்ரலில் நூற்று முப்பத்திரண்டு.
இப்போது தலை கோட்டைத் தாண்டி நிற்கவேண்டும்.
நிற்கவில்லை.
பைஜாமாவுக்குள் முழங்கால் லேசாக மடிந்திருந்தது.

முப்பத்துமூன்று என்றேன்.
அவள் மூச்சு விட்டாள்.