மாற்றம் ஏதும் இல்லை

அதிகாலை மூன்று பன்னிரண்டுக்கு
சோட்காமோவில் ஒரு தொழுவத்தில்
பால் கறக்கும் ரோபோ நின்றது.
தானே எழுந்தது. நாற்பது நொடி
உயிரோடிருந்தது. மறுபடி விழுந்தது.

வெளியே மைனஸ் இருபத்தாறு.
உள்ளே ஐம்பத்தெட்டுப் பசுக்கள்,
காதில் மஞ்சள் எண்பட்டை, மடி கனத்து,
திறக்கிற கதவு திறக்காததைப்
பார்த்துக்கொண்டு நின்றன.
ஐலா கெம்ப்பைனன் இரவு உடைக்குக் கீழே
ரப்பர் பூட்ஸ் மாட்டி ஓடிவந்து
திரையைப் பார்த்தார்.
திரை முழுக்க எண்ணும் எழுத்தும்;
அவருக்குப் புரிந்தது ஒரே சொல்: பூஜ்யம்.
படமெடுத்து அனுப்பினார். கூடவே ஒரு வரி:
‘இவற்றிடம் நான் என்ன சொல்லட்டும்?’

அந்த வரியை நான் ஔலுவில் படித்தேன்,
எட்டு மணிக்கு, அலுவலக வாசலில்,
சைக்கிள் பூட்டு இன்னும் கையில்.

விழுந்த தடத்தின் உச்சியில்
எனக்குத் தெரிந்த பெயர் ஒன்று இருந்தது.
வெள்ளிக்கிழமை மாலை
நானே ஏற்றிய திருத்தம்.

மூன்று வரி.
புதிய பதிப்பில் யாரோ அடைத்த ஓட்டை;
அதே ஓட்டை எங்கள் பழைய பதிப்பிலும் உண்டு.
தொழுவங்கள் நம்புவது பழையதைத்தான்,
ஏழு வருடமாக அது மாறவில்லை என்பதற்காகவே.
மூன்று வரியையும் அங்கிருந்து பெயர்த்து
இங்கே நட்டேன்.
வைத்த இடத்தில் வாகாய் உட்கார்ந்தது.
முரண்பாடு இல்லை. கம்பைலர் முணுமுணுக்கவில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டு சோதனையும் பச்சை.
சோதனை மேசையில் பசு இல்லை,
அதன் பின்னங்கால் இல்லை,
உதைபட்டு ஆடும் சென்சார் வயர் இல்லை.

திருத்தம் சொன்னது இவ்வளவுதான்:
வயர் கழன்றால் அந்தப் பூட்டைப் பூட்டு,
பிறகு நினைவகத்தை விடுவி.

அந்தப் பூட்டை.
எந்தப் பூட்டை?
‘அ’ என்று கை நீட்டினால்
நீட்டிய பக்கம் ஏதாவது இருக்க வேண்டும்.
புதிய பதிப்பில் இருந்தது.
எங்களிடம்
சுட்டு இருந்தது, சுட்டிய பொருள் இல்லை.

ஆண்டுக்கொரு முறை விழக்கூடியதை
உதைக்கொரு முறை விழ வைத்திருந்தேன்.

ஒன்பதே காலுக்கு
வெள்ளிக்கிழமைக்கு முந்தைய கோப்பை அனுப்பிவிட்டு
என்சியோவும் நானும் வரலாற்றைக் கிளறினோம்.
ஒரு காபி ஆறி, இன்னொன்றும் ஆறி,
பிப்ரவரி வெளிச்சம் ஜன்னலைவிட்டு இறங்குமுன்
கிடைத்தது:
மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு மாற்றம்.
எழுதியவர் பெயர் எர்மீனியா.
பெயரையும் நேரக்குறியையும் பார்த்து
லிஸ்பன் பக்கமாக இருக்கும் என்றான் என்சியோ.
ஒரே ஒரு வரியை எடுத்து
நாற்பது வரி மேலே வைத்திருந்தார்.
பூட்டு பிறக்கும் வரி.
எங்கள் பதிப்பில் அது பிறப்பது
சென்சார் முதல் பதில் சொன்ன பிறகுதான்;
ஆடுகிற வயர் பதில் சொல்வதில்லை.
குறிப்பில் எழுதியிருந்தார்:
‘கொஞ்சம் ஒழுங்கு செய்தேன்.
செயல்பாட்டில் மாற்றம் ஏதும் இல்லை.’

அவர் பொய் சொல்லவில்லை.
அன்று அதன்மேல் யாரும் நிற்கவில்லை.
பின்னால் வந்து ஓட்டையை அடைத்தவரும்
அவர் பெயரைச் சொல்லவில்லை;
காலடியில் தரை இருந்தது என்று
யார் எழுதிவைப்பார்கள்?
நான் கேட்டிருக்கலாம்.
வெள்ளிக்கிழமை. ஐந்து மணி. பச்சை விளக்கு.

இரண்டையும் சேர்த்து அனுப்பினோம்.
முதலில் அந்த ஒன்றுமில்லாதது,
அப்புறம் மூன்று வரி.
வரிசை மாறக்கூடாது என்று
என்சியோ இரண்டு முறை எழுதினான்.
தவறு என்னுடையது என்று எழுதத் தேடினேன்;
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை ஐலாவிடமிருந்து பதில்.
ரோபோ ஓடுகிறது.
இரண்டு பசுக்களுக்கு மடிவீக்கம்,
மருத்துவர் வந்து போனார்.
417 மட்டும்
அந்தக் கதவுக்குள் போகமாட்டேன் என்கிறது.
கையால்தான் கறக்கிறேன்.
இன்றைக்கும் உதைத்தது.