நாணயம்

பசை நூறு கிராமுக்கு இறுக்கி முப்பத்தெட்டு.
மருந்துக்கடைக்காரிக்கு இது புதிதில்லை.
மில்லிகிராம் பிசகினால் யார் வீட்டில் என்ன நடக்கும் என்று
இருபது வருடமாய் அறிந்த கை.
அந்தக் கையால்தான் கட்டினேன்,
ஸ்விஃப்ட் கரண்ட் ஊரின் வடக்கோரம்,
இரண்டு கார் நிற்கவேண்டிய கொட்டகையில்,
ஒன்பது குளிர்காலம்.
கார்கள் வெளியே பனியில் நின்றன.

கண்ணாடியிழை. கார்பன். என் தலைமுடி ஒன்றிரண்டு
எங்கோ இறக்கைக்குள் இறுகிப்போயிருக்கும்.
தேய்த்தேன். தேய்த்ததையே தேய்த்தேன்.
சூப்பில் தூள் மிதக்கிறது என்றான் ஓரெஸ்ட்.
மூன்றாம் வருடத்தோடு சொல்வதை விட்டான்.

இப்போது அது பறக்கிறது.
ரெஜைனாவுக்குச் சாலையில் இரண்டரை மணி.
எனக்கு முப்பத்தைந்து நிமிடம்.
கிளம்புகிறேன் என்று போனில் சொன்னால்
நாத்தனார் இன்னும் நம்புவதில்லை,
குளியல் அங்கியோடுதான் கதவைத் திறக்கிறாள்.

மெதுவாகப் போக அதற்குத் தெரியாது.
தொண்ணூறு நாட்டுக்குக் கீழே
அது விமானமில்லை, விலையுயர்ந்த கல்.
ஓடுதளம் எழுந்து வரும்போது ஒவ்வொரு முறையும்
யாரோ என் பின்கழுத்தைப் பிடித்திருப்பதுபோல.

முன்பலகையில் சட்டப்படி ஒரு தகடு:
இவ்விமானம் உலகத் தரநிலைகளுக்கு உட்பட்டதல்ல.
திருகாணி இரண்டு. நானே முடுக்கியவை.

என் பயம் வேறு.
ஆறாம் குளிர்காலம், ஜனவரி, மைனஸ் முப்பத்தொன்று.
இடது இறக்கையின் முதுகெலும்பை ஒட்டிய இரவு
சூடேற்றி எப்போது அணைந்ததோ.
விடிந்து பார்த்தால் கொட்டகையில் ஒன்பது டிகிரி.
மாதிரிக் கிண்ணத்தில் பசை கல்லாய்த்தான் இருந்தது.
ஆய்வாளர் பார்த்தார், தலையசைத்தார், கையெழுத்திட்டார்.
கிண்ணம் கிண்ணம்தான். இறக்கையில் ஏறி உட்காருவது நான்.

அதனால் பறக்குமுன்
லூன் பறவை நீந்தும் ஒரு டாலர் நாணயத்தை எடுத்து
இடது இறக்கை நெடுகத் தட்டிக்கொண்டே போவேன்,
பானை வாங்குகிறவள் மாதிரி.
ஒட்டிய இடம் கணீரென்று பேசும்.
விட்ட இடம் தொண்டை கட்டியதுபோல் முனகும்.
ஒருநாளும் முனகியதில்லை.
ஒருநாளும் நான் நம்பியதுமில்லை.
வலதுபக்கம், மரியாதைக்கு, நாலு தட்டு.

இந்த வசந்தத்தில் காப்பீட்டுத் தொகை இரட்டித்தது.
விளம்பரம் கொடுத்தேன்.
ரெட் டீரிலிருந்து வந்தார் கார்வின் ஃப்ரீசன்,
எண்ணெய்க்கிணற்று வேலை, சட்டைப்பையில் வரைவோலை.
உப்பேரிகளுக்கு மேலே ஒரு சுற்றுக் கூட்டிப்போனேன்.
இறங்கியும் பத்து நிமிடம் பேசவில்லை,
சிரித்துக்கொண்டே இருந்தார்.
வரைவோலை வெளியே வருமுன் சொல்லிவிட்டேன்:
ஜனவரி. சூடேற்றி. ஒன்பது டிகிரி.

அவர் நாணயத்தைக் கேட்டார்.
மண்டியிட்டு, விரற்கடை விரற்கடையாய்,
இடது இறக்கை முழுக்க.
கணீர். கணீர்.
பிறகு வலது. நான் சொல்லவில்லை, அவராகப் போனார்.
நுனியிலிருந்து மூன்றாம் விலா.
டிக், டிக்,
டொக்.

நிறுத்தினார். மறுபடி. டொக்.
உள்ளங்கை அகலம்.

கட்டுமானக் குறிப்பேட்டைப் புரட்டினேன்.
ஜூலை பதினான்கு. இருபத்துநாலு டிகிரி. ஈரப்பதம் குறைவு.
ஓரத்தில் என் கையெழுத்து: பிரமாதமான நாள்.
அன்று பாடிக்கொண்டே பூசியது நினைவிருக்கிறது.

இடதுக்குப் பயந்து
நாலு வருடமாய் நான் வலப்பக்கமே சாய்த்துத் திருப்பினேன்.

கார்வின் நாணயத்தைத் திருப்பித் தந்தார்.
சரிசெய்ததும் கூப்பிடுங்கள் என்றார்.
கூப்பிடுவேனா தெரியாது.

இன்று கார்கள் மறுபடி வெளியே.
பென்சில் வட்டம் போட்டாயிற்று.
முகமூடி, கையில் வெட்டுச்சக்கரம்.
ஓரெஸ்ட் விளக்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறான், கேட்காமலே.
முதல் வெட்டில் தூள் கிளம்பி
அவன் புருவமெல்லாம் வெள்ளை.
ஒன்றும் சொல்லவில்லை.
விளக்கை இன்னும் கிட்டே கொண்டுவந்தான்.