ஒரு புள்ளி, நான்கு ஆச்சரியக்குறி

தை செங்கில் இரவு எட்டு முதல் காலை எட்டு வரை
ஆறாயிரம் இயந்திரங்களுக்கு நான் காவல்.
அவற்றின் மூச்சு கதவிடுக்கில் கசிந்து
சில்லென்று கணுக்காலில் படும்.
என் அட்டைக்குத் திறப்பவை
முன்வாசலும் கழிப்பறையும்.

நெட்வொர்க்கிங் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்றதும்
வெய் ஜியே சிரித்தான். நல்ல சிரிப்புதான்.
"லேப் செய்யணும் ஆன்ட்டி,
கையால செய்யாம மண்டையில ஏறாது."
சொல்லிவிட்டு அட்டையைக் காட்டி
உள்ளே போய்விட்டான்.

தேடினேன்.
வகுப்பில் லேப் இரண்டே சனிக்கிழமை; அதிலொன்று என் ஷிப்ட்.
மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறவர்கள்
அமெரிக்க டாலரில் கேட்டார்கள்.
என் பழைய மடிக்கணினி
சிமுலேட்டரைத் திறந்ததும் உறைந்துபோனது.
மூன்று ஸ்விட்ச் நானூறு வெள்ளி என்ற ஒருவர்
குறைக்கக் கேட்டதும் காணாமல் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஹவ்காங்கில், எங்கள் புளோக்கின் கீழே
காராங்கூனிக்காரரின் ஹார்ன்.
தள்ளுவண்டியில் ஒரு ரைஸ் குக்கர், நாளிதழ்க் கட்டு,
அதற்கடியில்
இருபத்துநான்கு வாயும் திறந்தபடி ஒரு ஸ்விட்ச்.
தராசில் வைத்தார்.
நெட்வொர்க்கைக் கிலோ கணக்கில் வாங்கியவள்
இந்தத் தீவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.
பன்னிரண்டு வெள்ளி.
மின்விசிறி ஒன்றும் சேர்த்துத் தருகிறேன் என்றார்.
வேண்டாம் என்றேன்.

சிம் லிம்மில் நீலக் கேபிள் ஒன்பது வெள்ளி.
செருகியதும் விமானம் கிளம்பும் இரைச்சல்;
ருத்ரன் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டான்.
திரையில் முதல் வரி:
அனுமதியில்லாதோர் நுழையக் கூடாது.
இந்தப் பலகையின் அடியில்தான்
எனக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

யாரோ வைத்த கடவுச்சொல். எந்தக் கம்பெனியோ.
மின்சாரத்தைப் பிடுங்கி,
முன்பக்கப் பொத்தானை விரல் வெளுக்க அழுத்தியபடி
மறுபடி செருகி, நாலு வரி தட்டினால்
பழையதெல்லாம் மறக்கும் என்றது புத்தகம்.
ஆறாம் தடவை மறந்தது.

முகவரி கொடுத்தேன். பேசவில்லை.
அந்த வாசல் மூடியே பிறக்குமாம்.
திறப்பதற்கு, 'திற' என்றொரு சொல்
அதன் மொழியில் கிடையாது.
நோ ஷட்டவுன்.
மூடாதே என்றுதான் சொல்ல வேண்டும்.

பிங் அனுப்பினேன். ஐந்து புள்ளிகள்.
போன ஐந்தும் திரும்பவில்லை.
வேலைக்கு நேரமாகியிருந்தது, அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

விடிகாலை மூன்றரைக்கு
பாஸ் இல்லாத டெலிவரிப் பையனைத்
திருப்பி அனுப்பும்போது உறைத்தது:
மடிக்கணினிக்குள்ளும் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.
கேட்காமல் வந்ததையெல்லாம் வாசலிலேயே நிறுத்துகிறாள்.
அடிப்பாவி,
என் வேலையைத்தான் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் மாலை முதலிலிருந்து தட்டினேன்
(சேமிக்க மறந்திருந்தேன்).
அவளுக்கு அரைமணி நேரம் ஓய்வு கொடுத்தேன்.

. ! ! ! !

முதல் பாக்கெட் மட்டும் தொலைந்தது. பிழையில்லையாம்.
இந்த முகவரி யாருடையது என்று
எல்லோரிடமும் உரக்கக் கேட்டு
பதில் வருவதற்குள் அதன் நேரம் முடிந்துவிடும்.
பின்னால் வருகிறவற்றுக்கு வழி தெரியும்.

எனக்கு நாற்பத்துமூன்று.
அந்தப் புள்ளியைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இம்முறை மறக்காமல் சேமித்தேன்.
ருத்ரன் கதவிடுக்கில் தலைநீட்டினான்:
"அம்மா, இந்தப் பிளேன எப்போ இறக்குவீங்க?"